தந்தையார் விட்டுச்சென்ற விழா மண்டபம்: மரபுரிமை வரி, பாகப்பிரிவினை, மண்டப அனுமதி (பிரான்ஸ்)

ஓதியமரம் (11 ஜூன் 2025, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பிறந்து 1979-இல் இங்கு வந்த எங்கள் தந்தையார், கடந்த பிப்ரவரி 14 அன்று வால்துவாஸ் மாவட்டத்தில் காலமானார். தாயார் 2016-இலேயே மறைந்துவிட்டார். அவருடைய பங்கு அப்போதே தீர்க்கப்பட்டுவிட்டதால், கீழே சொல்வன யாவும் தந்தையாருக்கு மட்டும் உரியவை. அண்ணன், நான், லண்டனில் வாழும் தங்கை என நாங்கள் மூவர். உயில் எதுவும் இல்லை.

அவர் விட்டுச்சென்றவை: 2,60,000 யூரோ பெறும் அடுக்குமாடி வீடு, திருமணங்களுக்கும் மஞ்சள் நீராட்டு விழாக்களுக்கும் வாடகைக்கு விடப்பட்டுவந்த 280 பேர் கொள்ளும் மண்டபம் (கட்டடத்தின் மதிப்பு 4,20,000), வங்கியில் 40,000, புதுச்சேரியில் சுமார் 90,000 யூரோ பெறும் ஒரு வீடு. மண்டபத்துக்காக வாங்கிய கடனில் 48,500 யூரோ இன்னும் அடைபடவில்லை.

சிக்கல் இதுதான். மண்டபத்தை யார் எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குள் உடன்பாடு எட்டாத வரையில் வரி கட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்று அண்ணன் உறுதியாக நம்புகிறார். தந்தையார் மறைந்த நாளிலிருந்து மண்டபம் பூட்டியே கிடக்கிறது. எங்கள் நொத்தேர் (சொத்துப் பத்திரங்களையும் மரபுரிமைக் கோப்புகளையும் கவனிக்கும் சட்ட அலுவலர்) இதுவரை ஒரே ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார், அதிலும் எந்தக் கெடுவும் குறிப்பிடப்படவில்லை. புதுச்சேரி வீடு இங்குள்ள கணக்கில் சேருமா என்பதும், வழக்குப் போட நேர்ந்தால் எங்கே போட வேண்டும் என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய குமாஸ்தா (12 ஜூன் 2025, காலை 7.15)

தம்பி, தந்தையாரின் மறைவுக்கு என் அனுதாபங்கள். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நொத்தேர் அலுவலகத்தில் கோப்பு எழுதியவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

உங்கள் அண்ணன் நம்புவதைத்தான் நம் குடும்பங்களில் பாதிப்பேர் நம்புகிறார்கள், அது முற்றிலும் தவறு. வரி பிறப்பது பாகம் பிரிக்கும் நாளில் அல்ல, இறந்த நாளில். பிரான்ஸ் பெருநிலப்பரப்பில் ஒருவர் இறந்தால், அன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மரபுரிமை அறிவிப்பை வரி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அதனுடனேயே வரியையும் செலுத்த வேண்டும். (வெளிநாட்டில் இறந்திருந்தால் பன்னிரண்டு மாதங்கள்.) உங்களுக்கு அந்த நாள் ஆகஸ்ட் 14. அதைத் தாண்டினால் மாதத்துக்கு 0.20 விழுக்காடு வட்டி ஓடத் தொடங்கும். அந்தக் கெடு முடிந்த மாதத்துக்குப் பின்வரும் ஏழாம் மாதத்தின் முதல் நாளுக்குள்ளும், அதாவது 2026 மார்ச் 1-க்குள்ளும், அறிவிப்பு போய்ச் சேரவில்லையென்றால் 10 விழுக்காடு தண்டம் சேரும். அதன் பிறகு அலுவலகம் எழுத்துமூலம் கேட்டும் 90 நாள்களில் கொடுக்கவில்லையென்றால் அது 40 விழுக்காடாகும். வாரிசுகள் ஒருவருக்கொருவர் கூட்டுப்பொறுப்பு உடையவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்: அண்ணன் கட்டாத தொகையை அலுவலகம் உங்களிடமே கேட்கலாம்.

இனிக் கணக்கு. சொத்துகளின் மொத்தம் 8,10,000. கடன் 48,500-ஐயும், ஈமச்செலவாக ரசீது கேட்காமலேயே ஏற்கப்படும் 1,500-ஐயும் கழியுங்கள். அடுத்து வீட்டுச் சாமான்கள். பட்டியல் எடுக்காமல் விட்டால் மொத்தச் சொத்தில் 5 விழுக்காட்டைச் சாமான்களின் மதிப்பாகச் சட்டம் தானே வைத்துக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் அது 40,500 யூரோ, ஒரு முதியவரின் கட்டிலுக்கும் பீரோவுக்கும்! ஒரு கொமிசேர் து ஜுஸ்தீஸை (நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் சட்ட அலுவலரை) வரவழைத்துப் பட்டியல் எடுத்தால் உண்மை மதிப்பையே போடலாம். அது 5,000 என்று வைத்துக்கொண்டால் நிகரம் 7,65,000, ஒருவர் பங்கு 2,55,000.

பெற்றோரிடமிருந்து பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,00,000 யூரோ விலக்கு உண்டு. மிஞ்சும் 1,55,000-இல் முதல் 8,072-க்கு 5 விழுக்காடு, 12,109 வரை 10, 15,932 வரை 15, அதற்கு மேல் 5,52,324 வரை 20 விழுக்காடு. ஆளுக்கு 29,194 யூரோ வரும். சாமான் பட்டியல் எடுக்காமல் விட்டிருந்தால் மூவருக்குமாக இன்னும் 7,100 யூரோ கூடியிருக்கும். பட்டியல் எடுக்க ஆகும் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

நீலக்கடல் (12 ஜூன் 2025, பிற்பகல் 1.02)

நண்பருக்கு இரண்டு யோசனைகள். முதலாவது, தொழில் நிறுவனங்களுக்கான துய்த்ரெய் உடன்படிக்கையைப் பயன்படுத்தினால் மண்டபத்தின் மதிப்பில் 75 விழுக்காடு வரியிலிருந்து விலக்கப்படும் என்று அறிகிறேன். வாரிசுகள் நான்கு ஆண்டுகள் கைமாற்றாமல் வைத்திருக்க வேண்டும், ஒருவர் மூன்று ஆண்டுகள் தொழிலை நடத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, புதுச்சேரி வீட்டை இங்கு காட்டத்தான் வேண்டுமா? இந்தியாவில் 1985-க்குப் பிறகு மரபுரிமை வரியே கிடையாது. அங்குள்ள சொத்துக்கு இங்கு எதற்கு வரி?

பழைய குமாஸ்தா (12 ஜூன் 2025, மாலை 6.30)

நீலக்கடல் அவர்களின் இரண்டாவது யோசனையை வாசிக்கிற எவரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வரிச்சட்டத் தொகுப்பின் 750 தெர் பிரிவு இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: இறந்தவரின் வரிக் குடியிருப்பு பிரான்சில் இருந்தால், உலகில் எங்கிருக்கும் சொத்தும் கணக்கில் வரும். தங்கை லண்டனில் இருப்பதும் இதை மாற்றாது. மரபுரிமை வரி குறித்து இந்தியாவுடன் பிரான்சுக்கு ஒப்பந்தம் இல்லை. அங்கு ஏதாவது வரி கட்டியிருந்தால் இங்கு கழித்துக்கொள்ளலாம் என்று அதே தொகுப்பின் 784 A பிரிவு சொல்கிறது, ஆனால் அங்கு வரியே இல்லாதபோது கழிக்கவும் ஒன்றுமில்லை.

இதற்கு மறுதலையான நிலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புதுச்சேரிக்காரர்களிடம் அடிக்கடி காண்பது அதுதான். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய தந்தை அங்கேயே இறக்கிறார், சொத்தும் அங்கேயே இருக்கிறது, பிள்ளை மட்டும் இங்கே. அந்தப் பிள்ளை கடந்த பத்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளேனும் பிரான்சில் குடியிருந்து, தந்தை இறக்கும்போதும் இங்கேயே இருந்தால், தான் பெறும் புதுச்சேரி வீட்டுக்கும் இங்கு வரி கட்ட வேண்டும். இதை அறியாமல் விட்டவர்கள் பலர். அறிந்தே மறைத்ததாக அலுவலகம் நிறுவினால் 40 விழுக்காடு தண்டம், விடுபட்ட சொத்தை இறந்த நாளிலிருந்து ஆறாம் ஆண்டின் இறுதி வரையிலும் தோண்டி எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு.

வீட்டின் மதிப்பை இறந்த நாளின் மாற்று விகிதத்தில் யூரோவாக்கி எழுத வேண்டும். அங்குள்ள மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கை பெற்று, இங்குள்ள நீதிமன்றப் பட்டியலில் இருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பிரெஞ்சில் ஆக்கிக்கொள்ளுங்கள்.

துய்த்ரெய் பற்றி வழக்கறிஞர் யாராவது சொல்லட்டும், எனக்கு ஐயம் இருக்கிறது.

ஓதியமரம் (12 ஜூன் 2025, இரவு 10.21)

ஐயா, மிக்க நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். 2014-இல் தந்தையார் அண்ணனுக்கு 60,000 யூரோ நன்கொடையாக வழங்கினார், முறைப்படி வரி அலுவலகத்திலும் பதிவு செய்யப்பட்டது. விலக்குத் தொகைக்குள் இருந்ததால் அப்போது வரி எதுவும் கட்டவில்லை. அது பழைய கதை என்று அண்ணன் சொல்கிறார்.

பழைய குமாஸ்தா (13 ஜூன் 2025, காலை 6.50)

பழைய கதை ஆவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆக வேண்டும், பதினொன்றுதான் ஆகியிருக்கிறது. எனவே அண்ணனுடைய 1,00,000 விலக்கில் 40,000 மட்டுமே மிஞ்சும். அவர் கட்ட வேண்டியது 41,194 யூரோ. உங்களுக்கும் தங்கைக்கும் முன்பு சொன்ன அதே தொகை.

மன்றாடி (13 ஜூன் 2025, பகல் 11.48)

நான் குடும்பச் சொத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். இங்கு எழுதுவது பொதுவான விளக்கமே, உங்கள் ஆவணங்களைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனை ஆகாது.

குமாஸ்தா ஐயாவின் கணக்கில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. தந்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்த நன்கொடை, வேறாகக் குறிப்பிடப்படாத வரையில், அவருடைய பங்கில் முன்பணமாகவே கருதப்படும். பாகம் பிரிக்கும்போது அது மீண்டும் கூட்டுச் சொத்தில் சேர்க்கப்படும். ஆகவே 7,65,000-உடன் 60,000-ஐக் கூட்டி 8,25,000 என்று வைத்து மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 2,75,000. அண்ணன் ஏற்கெனவே 60,000 பெற்றுவிட்டதால் இப்போது அவருக்கு 2,15,000, மற்ற இருவருக்கும் 2,75,000. விலக்கைக் கழித்தால், அண்ணனுக்கு 2,15,000-இல் 40,000 போக 1,75,000. உங்களுக்கு 2,75,000-இல் 1,00,000 போக அதே 1,75,000. மூவரும் ஆளுக்கு 33,194 யூரோ கட்டுவீர்கள். கருவூலத்துக்குப் போகும் மொத்தத் தொகை இரண்டு கணக்கிலும் ஒன்றே, சுமை யார்மேல் விழுகிறது என்பதுதான் மாறுகிறது.

அண்ணன் அந்தப் பணத்தை என்ன செய்தார் என்பதையும் கேளுங்கள். செலவழித்திருந்தால் 60,000 என்றே எழுதப்படும். வீடு வாங்கியிருந்தால், அந்த வீட்டின் இன்றைய மதிப்பில் அந்தப் பணத்துக்கு உரிய பங்கு பாகக் கணக்கில் ஏறும். எடுத்துக்காட்டாக, 2,40,000-க்கு வாங்கிய வீட்டில் கால்பங்கு இந்தப் பணம் என்றும், வீடு இப்போது 3,20,000 பெறும் என்றும் கொண்டால், சேர்க்க வேண்டியது 80,000. பதினைந்து ஆண்டு விலக்குக் கணக்கில் மட்டும் பழைய 60,000 அப்படியே நிற்கும். சகோதரர்களிடையே வழக்குகள் மூள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

துய்த்ரெய் குறித்து: 2024-ஆம் ஆண்டுக்கான நிதிச் சட்டம், தமக்குரிய அசையாச் சொத்தை நிருவகிப்பதையும் தளவாடங்களுடன் கூடிய கட்டடத்தை வாடகைக்கு விடுவதையும் இந்தச் சலுகைக்கு வெளியே தள்ளிவிட்டது. உங்கள் தந்தையார் வெறும் மண்டபத்தை நாள் வாடகைக்குக் கொடுத்தாரா, அல்லது சமையல், அலங்காரம், பரிமாறுதல் எல்லாவற்றையும் தம் ஆள்களைக் கொண்டு செய்து கொடுத்தாரா என்பதைப் பொறுத்து முடிவு மாறலாம். முன்னதென்றால் முயல்வதில் பயனில்லை. பின்னதென்றாலும் கணக்குப் பேரேடுகள் அதைக் காட்ட வேண்டும்.

ஓதியமரம் (13 ஜூன் 2025, இரவு 8.05)

வெறும் மண்டபம் மட்டும்தான் அம்மா. சமையல்காரரை வாடகைக்கு எடுப்பவர்களே அழைத்து வருவார்கள். அண்ணன் அந்தப் பணத்தைக் கொண்டு வீடுதான் வாங்கினார்.

இன்று அவரிடம் பேசினேன். ஜூலையில் இரண்டு திருமணங்களுக்குத் தந்தையாரே முன்பணம் வாங்கியிருந்தாராம், அவற்றையேனும் நடத்திக் கொடுக்க வேண்டும் என்கிறார். அப்படிச் செய்யலாமா?

செங்காந்தள் (14 ஜூன் 2025, காலை 9.33)

அண்ணா, நான் பன்னிரண்டு ஆண்டுகளாக மண்டபங்களிலும் கடைத்தொகுதிகளிலும் தீப்பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். வரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மண்டபத்தைப் பற்றி இங்கு இதுவரை எவரும் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

உங்கள் மண்டபம் சட்டப்படி "பொதுமக்களை ஏற்கும் நிலையம்", சுருக்கமாக ஈ.ஆர்.பி. இத்தகைய நிலையங்களைப் பயன்பாட்டின்படி எழுத்துகளால் வகைப்படுத்துவார்கள்: கூட்ட, நிகழ்ச்சி மண்டபங்களுக்கு "எல்", உணவகங்களுக்கு "என்", நடன அரங்குகளுக்கு "பி", வழிபாட்டிடங்களுக்கு "வி". கொள்ளளவின்படி ஐந்து தரங்கள் உண்டு. 1,500 பேருக்கு மேல் முதல் தரம், 701 முதல் 1,500 வரை இரண்டாம் தரம், 301 முதல் 700 வரை மூன்றாம் தரம், அதற்குக் கீழ் நான்காம் தரம், வகைக்கு வகை மாறும் ஒரு வரம்புக்கும் கீழே போனால் ஐந்தாம் தரம். 280 பேர் என்றால் நீங்கள் நான்காம் தரம். ஐந்தாம் தரத்துக்கு உள்ள தளர்வுகள் உங்களுக்குப் பொருந்தா.

இந்த விதிகள் அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர்களின் கற்பனையில் பிறந்தவை அல்ல. 1970 நவம்பர் 1 அன்று, கிரெனோபிளுக்கு அருகில் சேன் லொரான் துய் போன் என்னும் ஊரில், "5-7" என்ற நடன அரங்கில் தீப்பற்றி 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். டிக்கெட் இல்லாமல் எவரும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக அவசர வாசல்கள் பூட்டப்பட்டிருந்தன. 1973 அக்டோபர் 31-ஆம் நாள் ஆணை அதன் பின்னர் வந்தது, இன்று நாம் கைக்கொள்ளும் விரிவான பாதுகாப்பு ஒழுங்குவிதி 1980 ஜூன் 25-க்கு உரியது. அதற்குப் பிறகும் 2016 ஆகஸ்டில் ரூவான் நகரில் ஒரு மதுக்கடையின் நிலவறையில் பிறந்தநாள் விருந்தில் 14 பேர் மாண்டார்கள். சத்தம் வெளியே போகக் கூடாதென்று சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் தீ பிடித்தது. நம் விழாக்களில் தெர்மகோல் அலங்காரத்துக்குக் கீழே குத்துவிளக்கு ஏற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

உங்களுக்கு இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று, நடத்துநர் என்று மெரியிடம் (நகராட்சியிடம்) பதிவாகியிருப்பவர் உங்கள் தந்தையார். அவர் இல்லை. பாதுகாப்புப் பதிவேட்டில் கையெழுத்திட, ஆண்டுதோறும் மின்னிணைப்பையும் தீயணைப்புக் கருவிகளையும் சோதிக்கச் செய்ய, தீப்பாதுகாப்பு ஆணையம் வரும்போது முன்னிற்க, இப்போது ஒருவரும் இல்லை. அந்த நிலையில் ஜூலையில் திருமணம் நடத்தி ஏதேனும் நேர்ந்தால், கதவைத் திறந்துவிட்டவர் யார் என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாவது, பத்து மாதங்களுக்கு மேல் மூடிக் கிடந்த நிலையத்தை மீண்டும் திறக்க வேண்டுமென்றால், புதிதாகத் திறப்பதைப் போலவே ஆணையத்தின் வருகையும் மேயரின் அனுமதியும் வேண்டும். பிப்ரவரி நடுவில் மூடினீர்கள் என்றால் டிசம்பர் நடுவில் அந்தக் காலம் முடிகிறது. மூடிய நிலையில் விற்பதற்கும், அனுமதியோடு இயங்கும் மண்டபமாக விற்பதற்கும் விலையில் எவ்வளவு வேறுபாடு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மன்றாடி (14 ஜூன் 2025, பிற்பகல் 3.17)

செங்காந்தள் அவர்கள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரிசு ஒருவர் சொத்தை ஏற்றுக்கொண்டவராக நடந்துகொண்டால், சொல்லாமலே ஏற்றதாகச் சட்டம் கருதும். பிறகு கடன்கள் வெளிப்பட்டாலும் பின்வாங்க முடியாது. ஆனால் 2006-இல் திருத்தப்பட்ட உரிமையியல் தொகுப்பின் 784-ஆம் பிரிவு, தொழில் குறுகிய காலத்துக்குத் தொடர்வதற்குத் தேவையான அன்றாடச் செயல்களை ஏற்பாகக் கருத வேண்டாம் என்கிறது. எனவே ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இரு திருமணங்களை நடத்துவது உங்கள் வாரிசு நிலையைத் தானாக மாற்றிவிடாது. தடையாக இருப்பது பாதுகாப்புப் பொறுப்பும் காப்பீடும்தான். காப்பீட்டு நிறுவனத்துக்கு மறைவை அறிவித்தாயிற்றா?

நடத்த முடியாதென்றால், திருப்பித் தர வேண்டிய முன்பணம் தந்தையாரின் கடன் ஆகும். ரசீது இருந்தால் வரிக்கணக்கிலும் கழிக்கலாம்.

நீலக்கடல் (14 ஜூன் 2025, மாலை 5.40)

ஆணையம் குறை சொன்னால் மண்டபத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டி வரியை மிச்சப்படுத்தலாமே?

பழைய குமாஸ்தா (14 ஜூன் 2025, இரவு 9.12)

இந்த முறை நீலக்கடல் கேட்பது நியாயமான கேள்வி. இறந்த நாளில் அந்தச் சொத்து சந்தையில் பெற்றிருக்கக்கூடிய விலையே வரிக்கு அடிப்படை. அந்த நாளுக்கு முன்பே ஆணையத்தின் பாதகமான கருத்து கோப்பில் இருந்திருந்தால், வாங்குபவர் எவரும் அதைச் சொல்லி விலையைக் குறைத்திருப்பார், ஆகவே குறைந்த மதிப்பை நியாயப்படுத்தலாம். செப்டம்பரில் வரப்போகும் கருத்தைக் காட்டிப் பிப்ரவரி மதிப்பைக் குறைக்க முயன்றால், அந்தக் குறை முன்பே இருந்தது என்பதை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். ஒப்பீட்டுக்கு, அண்மையில் நடந்த விற்பனைகளின் விலைகளை அரசே 2019 முதல் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. வரி அலுவலகம் பார்ப்பதும் அதைத்தான்.

அலுவலகம் மதிப்பை ஏற்காவிட்டால் திருத்த முன்மொழிவு வரும். மறுமொழி கூற முப்பது நாள்கள், கேட்டால் இன்னும் முப்பது. அதன் பிறகும் உடன்பாடு இல்லையென்றால் மாவட்டச் சமரச ஆணையத்துக்குப் போகலாம்.

மன்றாடி (15 ஜூன் 2025, பகல் 10.26)

அதற்கும் மேலே போக நேர்ந்தால் ஒரு நுணுக்கம் உண்டு. வருமான வரித் தகராறு நிருவாக நீதிமன்றத்துக்குப் போகும், மரபுரிமை வரித் தகராறோ திரிபுனால் ஜுதிசியேருக்கு, அதாவது பொது உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் நேரே போக முடியாது. முதலில் அலுவலகத்திடமே எழுத்துமூல முறையீடு செய்ய வேண்டும். அது ஆறு மாதத்தில் மறுமொழி தராவிட்டால், அல்லது மறுத்துக் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்குள், வழக்குத் தொடரலாம். தவறான நீதிமன்றத்தின் கதவைத் தட்டிக் காலத்தைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பாகப்பிரிவினை வழக்கு, தந்தையாரின் கடைசி வசிப்பிடத்துக்கு உரிய திரிபுனால் ஜுதிசியேரில் நடக்கும். உங்கள் விஷயத்தில் அது பொந்துவாஸ் நகர நீதிமன்றம். 2020 ஜனவரி 1-க்கு முன்பு பெரிய நீதிமன்றம், சிறிய நீதிமன்றம் என்று இரண்டாக இருந்தவை இப்போது ஒன்று. பத்தாயிரம் யூரோவுக்குக் கீழ்ப்பட்ட வழக்குகளில் வழக்கறிஞர் இல்லாமலே நிற்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பாகப்பிரிவினைக்கு அது உதவாது. வழக்கறிஞர் கட்டாயம்.

அழைப்பாணையில் மூன்று செய்திகள் இருந்தாக வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைத் தொகுப்பின் 1360-ஆம் பிரிவு: பிரிக்க வேண்டிய சொத்தின் சுருக்க விவரமும், அதை எப்படிப் பங்கிட விரும்புகிறீர்கள் என்பதும், இணக்கமாகப் பிரித்துக்கொள்ள நீங்கள் எடுத்த முயற்சிகளும். இவை இல்லாவிட்டால் வழக்கு உள்ளேயே எடுக்கப்படாது. ஆகவே அண்ணனுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் பதிவு அஞ்சலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் கோபமாகப் பேசிக்கொண்டது முயற்சி ஆகாது.

ஆனால் வழக்குக்கு முன்பே வழிகள் இருக்கின்றன, அவற்றை நம்மவர்கள் பயன்படுத்துவதே இல்லை. நீங்களும் தங்கையும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு. கூட்டுடைமையில் அந்த அளவு இருந்தால், நிருவாகச் செயல்களை மற்றவர் சம்மதம் இல்லாமலே செய்யலாம், ஒருவருக்குப் பொது நிருவாக அதிகாரம் கொடுக்கலாம், கடன் அடைக்க அசையும் பொருள்களை விற்கலாம். அண்ணனுக்கு அறிவிக்க வேண்டும், அவ்வளவே. மண்டபத்தை வணிகக் குத்தகைக்கு விட மட்டும் மூவரின் சம்மதமும் வேண்டும். விற்க விரும்பினால், மூன்றில் இரண்டு பங்கினர் நொத்தேரிடம் தங்கள் எண்ணத்தைப் பதிவு செய்யலாம். அவர் ஒரு மாதத்தில் மற்றவருக்கு அறிவிப்பார், மூன்று மாதம் கழிந்தும் இசைவு வராவிட்டால் நீதிமன்றம் ஏலத்தில் விற்க அனுமதிக்கலாம். மற்றவரின் உரிமைக்கு அளவுமீறிய தீங்கு நேரக் கூடாது என்பதே வரம்பு.

எல்லாம் முடங்கிப்போனால், நீதிமன்றத் தலைவரிடம் விரைவு நடைமுறையில் மனுச்செய்து ஒரு மரபுரிமை நிருவாகியை அமர்த்தக் கேட்கலாம் (உரிமையியல் தொகுப்பு, 813-1-ஆம் பிரிவு). வாரிசுகளின் பிணக்கு, செயலின்மை, அசிரத்தை ஆகியவை அதற்குப் போதுமான காரணங்கள். மண்டபத்துக்குக் கையெழுத்திட ஆள் இல்லை என்ற செங்காந்தளின் கவலைக்கு இதுவும் ஒரு விடை.

புதுச்சேரி வீட்டைப் பொறுத்து ஒரு சொல். 2015 ஆகஸ்ட் 17 முதல் பொருந்தும் ஐரோப்பிய ஒழுங்குவிதி, கடைசியாக வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டமே முழுச் சொத்துக்கும் என்கிறது. இந்தியச் சட்டமோ, இந்தியாவிலுள்ள அசையாச் சொத்துக்கு இந்தியச் சட்டமே என்கிறது. இங்கு நொத்தேர் எழுதும் பங்கை அங்குள்ள பதிவாளர் அப்படியே ஏற்பார் என்று நினைத்துவிடாதீர்கள். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சமயம் சார்ந்த தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பமாக இருந்தால் கேள்வி இன்னும் மாறும். அங்கு ஒரு வழக்கறிஞரைத் தனியாகக் கேளுங்கள்.

மட்டறுத்துநர் (15 ஜூன் 2025, பகல் 12.00)

ரெனோன்சான் சட்டநிலை பற்றிய நான்கு பதில்கள் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கு மூல வினாவை ஒட்டியே தொடருமாறு வேண்டுகிறேன்.

பழைய குமாஸ்தா (16 ஜூன் 2025, காலை 7.05)

என் கணக்கைத் திருத்திய வழக்கறிஞர் அம்மாவுக்கு நன்றி. ஓய்வு பெற்றால் கை துருப்பிடித்துவிடுகிறது.

தம்பி, ஆளுக்கு 33,194 யூரோவை எங்கே தேடுவது என்று திகைக்க வேண்டாம். சொத்தில் பாதிக்கு மேல் உடனே பணமாக்க முடியாதவை என்பதால், நேரடி வாரிசுகளான நீங்கள் மூன்று ஆண்டுகளில் தவணையாகக் கட்டக் கேட்கலாம். வட்டி உண்டு, பிணையும் கேட்பார்கள். விண்ணப்பம் அறிவிப்போடு சேர்ந்தே போக வேண்டும், பின்னால் கேட்டால் கிடைக்காது. அண்ணன் கையெழுத்திட மறுத்தாலும், கூட்டுப்பொறுப்பு உள்ள வாரிசுகளில் ஒருவரே அனைவருக்குமாக அறிவிப்பைக் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வங்கியிலுள்ள 40,000-இலிருந்து முன்தொகையேனும் ஆகஸ்ட் 14-க்குள் கட்டிவிடுங்கள், அந்த அளவுக்கு வட்டி ஓடாது.

ஓதியமரம் (17 டிசம்பர் 2025, இரவு 9.15)

ஆறு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இந்த இழையை அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். மன்றாடி அம்மா எழுதிய கணக்கைப் பார்த்த பிறகே அவர் அமர்ந்து பேசினார். வரி மூவருக்கும் ஒன்றே என்பதுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன்.

சாமான் பட்டியலில் 4,300 யூரோ வந்தது. புதுச்சேரி வீடும் சேர்ந்த அறிவிப்பு, தவணை விண்ணப்பத்தோடு ஆகஸ்ட் 8 அன்று ஒப்படைக்கப்பட்டது. ஜூலைத் திருமணங்களை நடத்தவில்லை. இரு குடும்பங்களுக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், ஒரு குடும்பம் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

மண்டபத்துக்கு அண்ணனை நிருவாகியாக மூவரும் எழுத்தில் ஏற்றுக்கொண்டோம். நவம்பரில் தீப்பாதுகாப்பு ஆணையம் வந்தது. பின்புற வாசலுக்கு எதிரே அடுக்கியிருந்த நாற்காலிகளை அகற்றச் சொன்னார்கள், அவசர விளக்குகள் இரண்டை மாற்றச் சொன்னார்கள். சாதகமான கருத்து நவம்பர் 27 அன்று வந்தது, டிசம்பர் 6 அன்று மண்டபத்தைத் திறந்தோம்.

மிச்சம் இருப்பது அண்ணன் 2014-ஆம் ஆண்டுப் பணத்தில் வாங்கிய வீட்டின் மதிப்பு. அவருடைய மதிப்பீட்டாளர் ஒரு விலை சொல்கிறார், தங்கை அமர்த்தியவர் வேறொன்று சொல்கிறார். இடையில் 35,000 யூரோ. ஜனவரி 9 அன்று மூவரும் நொத்தேரிடம் போகிறோம்.

செங்காந்தள் (18 டிசம்பர் 2025, காலை 8.20)

அந்த நாற்காலிகள் திரும்பவும் அதே இடத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. அவை எப்போதும் போய்விடும்.